தடுப்புப் புரதத்தை மறித்தால் புற்றுச்செல் எப்போது சாகும், எப்போது சாகாது

கேள்வி சுருக்கமாக இது. வேலூரை அடுத்த சேர்க்காட்டில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்யும் மாணவி, வாய்விடங்கத்திலிருந்து கிடைக்கும் எம்பெலினை எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுச்செல்களில் 10, 20, 40 மைக்ரோமோலார் போட்டு 48 மணி நேரம் வைத்திருக்கிறார். செல்லின் செயல்பாட்டை அளக்கும் எம்டிடி சோதனையில் 40 சதவீதம் வரை குறைந்தது, ஆனால் செல் சாகும்போது துண்டாகும் டிஎன்ஏ ஜெல்லில் படிக்கட்டுபோல் விழும் டிஎன்ஏ லேடர் வரவே இல்லை. செல்லைச் சாகவிடாமல் காக்கும் தடுப்புப் புரதமான எக்ஸ்ஐஏபியைத் தடுத்தால் புற்றுச்செல் செத்துவிடும் என்று படித்தேனே, இது ஏன் இப்படி என்கிறார். கூடவே இன்னொன்று: ஆம்பூரில் இருக்கும் மாமாவுக்கு ஏஎம்எல் ரத்தப்புற்று, வேலூரில் வெனிடோகிளாக்ஸ் தொடங்கியிருக்கிறார்கள், அதுவும் இதே வகை மருந்தா?

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தடுப்புப் புரதத்தை மறிப்பதால் மட்டும் எந்தச் செல்லும் சாகாது. சாவதற்கான உந்துதல் செல்லுக்குள் ஏற்கெனவே திரண்டிருக்க வேண்டும், அதை அந்த ஒரு புரதம்தான் பிடித்து வைத்திருக்க வேண்டும். சரிவில் நிற்கும் பாரவண்டிக்கு அண்டக்கொடுத்த கல்லை எடுத்தால் வண்டி உருளும். சமதரையில் நிற்கும் வண்டிக்கு எடுத்தால் ஒன்றும் ஆகாது. எலியில் எக்ஸ்ஐஏபி மரபணுவையே அடியோடு நீக்கிப் பார்த்திருக்கிறார்கள். அந்த எலிகள் பிறந்து, வளர்ந்து, குட்டி போடுகின்றன. மனிதரிலும் அந்த மரபணு பிறவியிலேயே பழுதானவர்கள் உண்டு. அவர்களுக்கு வருவது நோயெதிர்ப்பு மண்டலக் கோளாறுதான், உடம்பு முழுக்கச் செல் சாவதில்லை. ஆகவே "எக்ஸ்ஐஏபியைத் தடுத்தால் செல் சாகும்" என்பது பாதி வாக்கியம். எந்தச் செல், எந்த நெருக்கடியில் என்பது மீதிப் பாதி.

தடுப்புப் புரதங்கள் இரண்டு இடங்களில் வேலை செய்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சந்தேகங்கள் வருகின்றன. முதல் இடம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு. அங்கே பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள் துளை போட்டால் உள்ளிருக்கும் சைட்டோகுரோம்-சி வெளியே வரும். அது ஏபிஏஎஃப்-1 என்ற புரதத்தோடு கூடி, புரதங்களை வெட்டும் கேஸ்பேஸ் நொதிகளில் ஒன்றான கேஸ்பேஸ்-9ஐ இயக்கும், அது கேஸ்பேஸ்-3ஐயும் 7ஐயும் வெட்டி இயக்கும், அவை செல்லின் புரதங்களை நூற்றுக்கணக்கில் துண்டாக்கும். துளை விழாமல் பார்த்துக்கொள்பவை பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 ஆகியவை. மாமாவின் மருந்து இந்த இடத்தில் வேலை செய்கிறது.

இரண்டாவது இடம் துளை விழுந்த பிறகு வருகிறது. 1993இல் லோயிஸ் மில்லரின் குழு, பூச்சிகளைத் தாக்கும் பேக்குலோவைரஸில் முதன்முதலாகக் கண்ட ஐஏபி குடும்பம் அங்கே இருக்கிறது. மனிதரில் எக்ஸ்ஐஏபி, சி-ஐஏபி1, சி-ஐஏபி2, சர்வைவின் என்று எட்டுப் பேர். உங்கள் ப்ராஜெக்ட் இந்த இடத்தைப் பற்றியது. இந்த எட்டில் கேஸ்பேஸை நேரடியாக வலுவாகப் பிடித்து நிறுத்துவது எக்ஸ்ஐஏபி ஒன்றுதான். அதன் பிஐஆர்-3 பகுதி கேஸ்பேஸ்-9ஐப் பிடிக்கிறது, பிஐஆர்-2க்கு முன்னால் இருக்கும் இணைப்புத் துண்டு கேஸ்பேஸ்-3, 7இன் வெட்டும் பள்ளத்தை அடைக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் துளை விழும்போது சைட்டோகுரோம்-சியோடு ஸ்மாக் என்ற புரதமும் வெளியே வரும். 2000இல் இரண்டு ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே அதைக் கண்டறிந்தன. அதன் முனையில் இருக்கும் அலனைன், வேலைன், புரோலின், ஐசோலூசைன் என்ற நான்கு அமினோ அமிலங்கள் பிஐஆர்-3இன் குழிக்குள் போய் உட்கார்ந்து எக்ஸ்ஐஏபியின் பிடியைத் தளர்த்தும். அந்த நான்கையும் அப்படியே ஒத்துச் செய்த சிறு மூலக்கூறுகள்தான் ஸ்மாக் போலிகள்: பிரினாபான்ட், எல்சிஎல்161, செவினாபான்ட் போன்றவை.

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் உங்கள் முடிவுகளை விளக்கவே முடியாது. ஸ்மாக் போலிகள் சி-ஐஏபி1ஐத் தொட்ட உடனே அது, அழிக்க வேண்டியது என்று காட்டும் யுபிக்விட்டின் குறியைத் தனக்குத்தானே இட்டு அழிந்துபோகிறது. புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்தால் அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் பட்டை காணாமல் போயிருக்கும். சி-ஐஏபி இல்லாவிட்டால் என்ஐகே என்ற கைனேஸ் சேர்ந்துகொண்டே போகும், மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா பி பாதை திறக்கும், சில செல்கள் தாமாகவே டிஎன்எஃப்-ஆல்ஃபா (சுருக்கமாக டிஎன்எஃப்) என்ற அழற்சிச் செய்திப் புரதத்தைச் சுரக்கத் தொடங்கும். சாதாரணமாக டிஎன்எஃப் செல்லுக்கு "பிழைத்திரு" என்ற செய்தியையே தரும். சி-ஐஏபி போய்விட்ட நிலையில் அதே டிஎன்எஃப், ஆர்ஐபிகே1 என்ற புரதத்தின் வழியாக கேஸ்பேஸ்-8ஐ இயக்கிக் கொன்றுவிடுகிறது. 2007இல் வந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. ஸ்மாக் போலியைத் தனியாகக் கொடுத்தால் சாகும் செல்வகைகள் மிகச் சிலவே, அவை தாமே டிஎன்எஃப் சுரப்பவை. மற்றவற்றுக்கு டிஎன்எஃபை வெளியிலிருந்து சேர்க்க வேண்டும், அல்லது சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, கதிர்வீச்சு என்று வேறொரு நெருக்கடி வேண்டும்.

இனி உங்கள் சோதனை. லேடர் வராததற்குக் காரணம் எம்பெலின் இல்லை, எம்சிஎஃப்-7. அந்தச் செல்லில் கேஸ்பேஸ்-3 மரபணுவில் 47 காரங்கள் விடுபட்டுப்போய், அந்தப் புரதமே உருவாவதில்லை. டிஎன்ஏவைத் துண்டாக்கும் நொதியை விடுவிப்பது முக்கியமாக கேஸ்பேஸ்-3தான். அதனால் எம்சிஎஃப்-7 உண்மையிலேயே அப்போப்டோசிஸ் என்ற திட்டமிட்ட மரணத்தில் செத்தாலும் அகரோஸ் ஜெல்லில் படிக்கட்டுப் படிக்கட்டாகப் பட்டை விழாது. வெட்டுண்ட கேஸ்பேஸ்-3க்கான ஆன்டிபாடியும் அதில் ஒன்றும் காட்டாது. எளிதாக வளர்வதாலும் எல்லாக் கல்லூரியிலும் கிடைப்பதாலும் எம்சிஎஃப்-7ஐ எடுத்துக்கொள்கிறார்கள். மரணப் பாதையை ஆராய்வதற்கு அது தவறான தேர்வு. எம்டிஏ-எம்பி-231 என்ற இன்னொரு மார்பகப் புற்றுச்செல்லுக்கு மாறுங்கள். அதில் கேஸ்பேஸ்-3 இருக்கிறது, ஸ்மாக் போலிக்குத் தனியாகவே சாகும் சில செல்வகைகளில் அதுவும் ஒன்று. ஆகவே பிரினாபான்ட் 100 நானோமோலார் நல்ல நேர்க் கட்டுப்பாடாகும், அதாவது வேலை செய்யும் என்று முன்பே தெரிந்த ஒப்பீடு. எம்சிஎஃப்-7ஐ விட முடியாத நிலை என்றால் பார்ப் புரதத்தின் வெட்டைப் பாருங்கள். 116 கிலோடால்டன் பட்டை 89ஆகச் சிறுக்கும், அதை கேஸ்பேஸ்-7 தனியாகவே செய்துவிடும்.

எம்பெலின் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். 2004இல் அது எக்ஸ்ஐஏபியின் பிஐஆர்-3இல் ஒட்டுவதாகக் கண்டார்கள். பாதியளவு தடுக்கத் தேவைப்பட்ட செறிவு சுமார் 4 மைக்ரோமோலார். நல்ல ஸ்மாக் போலிகள் நானோமோலார் அளவிலேயே ஒட்டுகின்றன. அதோடு எம்பெலின் ஒரு குவினோன். எலக்ட்ரானை வாங்கியும் கொடுத்தும் ஆக்சிஜனேற்ற நெருக்கடி உண்டாக்கக்கூடியது, 5-லிப்பாக்சிஜினேஸ் போன்ற வேறு நொதிகளையும் தடுக்கும். 40 மைக்ரோமோலாரில் வந்த விளைவை எக்ஸ்ஐஏபியின் கணக்கில் எழுதினால் வைவாவில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். எக்ஸ்ஐஏபி வழியாகத்தான் வேலை செய்கிறதா என்று காட்ட ஒரு வழி உண்டு. மரபணுவை அடக்கும் எஸ்ஐ-ஆர்என்ஏ என்ற சிறு துண்டுகளில் இரண்டு வெவ்வேறானவற்றால் எக்ஸ்ஐஏபியை 48 முதல் 72 மணி நேரம் அடக்கிவிட்டு, அதன்மேல் எம்பெலின் போடுங்கள். எக்ஸ்ஐஏபி இல்லாத செல்லையும் அது அதே அளவு பாதித்தால், அதன் இலக்கு வேறெங்கோ இருக்கிறது.

எம்டிடி 40 சதவீதம் குறைந்தது என்றால் 40 சதவீதச் செல்கள் செத்துவிட்டன என்று பொருளில்லை. எம்டிடி செல்லின் வளர்சிதை மாற்றத்தை அளக்கிறது. செல் பெருகாமல் நின்றாலே எண் குறையும். தட்டில் மருந்து போடும் அந்த நேரத்திலேயே ஒரு வரிசையை எடுத்து செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைபன் புளூவில் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரத்துக்குப் பிறகு மருந்திட்ட குழியில் அந்த எண்ணிக்கையைவிடக் கூடுதலாக உயிருள்ள செல் இருந்தால், நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பெருக்கம் தடைபட்டதுதான். குவினோன் தானே எம்டிடியோடு வினைபுரியக்கூடும் என்பதால், செல் இல்லாமல் எம்பெலினும் மீடியமும் மட்டும் உள்ள குழிகளும் கட்டாயம் வேண்டும். 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 செல், மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் ஒரே அளவு, 0.1 சதவீதத்துக்கு மேல் போகாமல். எம்பெலின் தண்ணீரில் சரியாகக் கரையாது. மேல் செறிவுகளில் மைக்ரோஸ்கோப்பில் ஆரஞ்சு நிறத் துகள் தெரிந்தால் அந்தச் செறிவின் எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மரணத்தை மரணம் என்று நிறுவ ஆறு நிலைகள் போதும்: டிஎம்எஸ்ஓ மட்டும், எம்பெலின், பிரினாபான்ட், டிஎன்எஃப் மில்லிக்கு 10 நானோகிராம், பிரினாபான்டும் டிஎன்எஃபும் சேர்த்து, அதே கலவைக்கு ஒரு மணி நேரம் முன்பே கேஸ்பேஸ் தடுப்பியான இசட்-விஏடி 20 மைக்ரோமோலார். டிஎன்எஃப் தனியாக ஒன்றும் செய்யாமல், இரண்டும் சேர்ந்தால் கொன்று, இசட்-விஏடி போட்டால் பிழைத்தால் அது கேஸ்பேஸ் வழி மரணம். இசட்-விஏடி போட்டும் செத்தால் பதற வேண்டாம். கேஸ்பேஸ்-8 அடைபட்ட சில செல்கள் நெக்ரோப்டோசிஸ் என்ற வேறு வழியில் சாகும். அதற்கு அந்த வழியை அடைக்கும் நெக்ரோஸ்டாட்டின்-1ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எம்பெலினோடும் டிஎன்எஃப் சேர்த்து ஒரு குழி வைத்தால் இன்னும் நல்லது. சி-ஐஏபி1 பட்டையை 1 மணி நேரத்திலும், பார்ப் வெட்டை 12 முதல் 24 மணியிலும், சாகும் செல்லின் வெளிப்பரப்பில் ஒட்டும் அனெக்சினை 24 மணியிலும் எடுங்கள். எல்லாவற்றையும் 48 மணியிலேயே எடுத்தால் காரணமும் விளைவும் கலந்துபோகும்.

அனெக்சின்-5 சோதனையில் நடக்கும் பிழைகள் திரும்பத் திரும்ப ஒன்றுதான். மிதக்கும் செல்களைக் கொட்டிவிடுகிறார்கள். செத்தவை மிதப்பவைதானே, மீடியத்தையும் கழுவிய நீரையும் சேர்த்தே சென்ட்ரிஃப்யூஜ் செய்ய வேண்டும். அனெக்சின் ஒட்டுவதற்கு 2.5 மில்லிமோலார் கால்சியம் தேவை. செல்லைத் தட்டிலிருந்து பெயர்க்கும் டிரிப்சினோடு வரும் ஈடிடிஏ மிச்சமிருந்தால் அது கால்சியத்தை உறிஞ்சிவிடும், எல்லாம் உயிரோடிருப்பதுபோலத் தெரியும். டிரிப்சினை அதிக நேரம் விட்டால் நேர்மாறாகச் சவ்வு கிழிந்து சாகாத செல்லும் செத்ததாகத் தெரியும். சாயம் போட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்குள், செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டியாக வேண்டும். உங்கள் துறையில் கருவி இல்லாமல் காட்பாடிக்கோ பாகாயத்துக்கோ எடுத்துப் போவதாக இருந்தால் அனெக்சினை நம்பாதீர்கள். செல்லை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைநிறுத்தி, 90 சதவீதக் குளிர் மெத்தனாலில் மைனஸ் 20 டிகிரியில் வைத்துவிட்டால் நாட்கணக்கில் தாங்கும். வெட்டுண்ட கேஸ்பேஸ்-3 அல்லது பார்ப் ஆன்டிபாடியை அங்கே போய்ப் போட்டு, கருவியில் இடம் கிடைக்கும் நாளில் ஓட்டிக்கொள்ளலாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், டிஎன்எஃப் போன்ற புரதம் வெள்ளிக்கிழமை கூரியரில் ஏறி ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடந்தால் செயலிழந்திருக்கக்கூடும். செவ்வாய், புதனில் கைக்கு வரும்படி ஆர்டர் கொடுங்கள். வந்த அன்றே சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள், உருக்கியதைத் திரும்ப உறைய விடாதீர்கள். "பிரினாபான்ட் வேலை செய்யவில்லை" என்று தோன்றும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது டிஎன்எஃப் குப்பியைத்தான்.

ஸ்மாக் போலிகள் மருத்துவமனையில் எப்படி நடந்துகொண்டன என்பதும் இதே பாடத்தையே சொல்கிறது. பீடியும் பான் புகையிலையும் பழகிய நம் பகுதியில் வாய், தொண்டைப் புற்று அரிதல்ல, ஆகவே செவினாபான்டின் கதை நமக்கு நெருக்கமானது. தலை கழுத்துப் புற்றில் சிஸ்பிளாட்டின், கதிர்வீச்சோடு அதைச் சேர்த்துக் கொடுத்த இரண்டாம் கட்ட ஆய்வில், 18 மாத முடிவில் நோய் அதே பகுதியில் கட்டுப்பட்டிருந்தவர்கள் 54 சதவீதம், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மருந்து (பிளாசிபோ) எடுத்தவர்களில் 33 சதவீதம். 96 பேர் கொண்ட அந்தச் சிறிய ஆய்வு 2020இல் வெளியானபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. பெரிய மூன்றாம் கட்ட ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை, 2024 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். கட்டியின் எல்லாச் செல்களும் ஒரே சரிவில் நிற்பதில்லை, டிஎன்எஃபுக்கு எல்லாம் ஒன்றுபோல் பதில் சொல்வதுமில்லை. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே பிரித்தெடுக்கும் சோதனை இல்லாமல் எல்லோருக்கும் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

பிசிஎல்-2 பக்கம் வெற்றி கிடைத்ததற்குக் காரணம், அந்தச் சோதனையை ஓரளவு நோயே செய்து கொடுத்ததுதான். ஃபாலிக்குலர் லிம்போமாவில் 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் இடம் மாறும் இடத்தில் 1980களின் நடுவில் பிசிஎல்-2 கண்டெடுக்கப்பட்டது. 1988இல் டேவிட் வாக்ஸும் உடனிருந்தவர்களும் அது செல்லைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் காக்கிறது என்று காட்டினார்கள். சில ரத்தப்புற்றுச் செல்களில் பிம் போன்ற மரணத்தூண்டிப் புரதங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கும், பிசிஎல்-2 அவற்றைத் தன் பள்ளத்தில் கட்டிப் பிடித்திருக்கும். வெனிடோகிளாக்ஸ் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்ததும் அவை விடுபட்டு பாக்ஸையும் பாக்கையும் இயக்குகின்றன. வளர்ந்தவர்களின் இதயத்திலும் மூளையிலும் பாக்ஸ், பாக் மிகக் குறைவு என்பதால் அவை தப்பிக்கின்றன. இதற்கு முந்தைய நாவிடோகிளாக்ஸ் பிசிஎல்-எக்ஸ்எல்லையும் சேர்த்துத் தடுத்தது. தட்டணுக்கள் உயிர்வாழ்வது அந்தப் புரதத்தை நம்பித்தான், அதனால் தட்டணு எண்ணிக்கை சரிந்தது. வெனிடோகிளாக்ஸ் பிசிஎல்-2ஐ மட்டும் தேர்ந்து பிடிக்கிறது. கீமோ தாங்காத வயதானவர்களின் ஏஎம்எல்லில் அசாசிட்டிடின் என்ற மருந்தோடு அதைச் சேர்த்தபோது, நோயாளிகளின் நடு ஆயுட்காலம் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக உயர்ந்தது. 2020இல் வெளியான முடிவு அது.

ஆகவே மாமாவின் மருந்து உங்கள் எம்பெலினின் இனம் அல்ல. அதே மரணப் பாதையில் ஒரு படி மேலே வேலை செய்வது. அவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தெரிய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஏஎம்எல்லில் வழக்கமாக முதல் நாள் 100, இரண்டாம் நாள் 200, மூன்றாம் நாள் 400 மில்லிகிராம் என்று ஏற்றுவார்கள். ரத்த வெள்ளையணு 25,000க்குக் கீழே வந்த பிறகே தொடங்குவார்கள். ஏனென்றால் செல்கள் ஒரே நேரத்தில் கொத்தாகச் செத்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் ரத்தத்தில் கொட்டி சிறுநீரகத்தையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும். அதற்காகத்தான் முன்கூட்டியே அலோபியூரினால், நிறையத் திரவம், மருந்து ஏற்றிய 6 முதல் 8 மணி நேரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. இந்த நாட்களில் உடம்புக்குக் குளிர்ச்சி என்று இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். 200 மில்லி இளநீரில் ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை தண்ணீரும் மோரும் அவர்கள் சொன்ன அளவில் போதும், இளநீர் வேண்டாம்.

மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு 3 முதல் 5 மடங்கு கூடுகிறது. தினமும் அதே நேரம். மறந்துபோய் 8 மணி நேரம் கடந்துவிட்டால் அன்றையதை விட்டுவிட வேண்டும். வாந்தியெடுத்தாலும் திரும்பப் போடக்கூடாது. பூஞ்சைத் தொற்று வராமல் இருக்கப் போசகோனசோல் கொடுத்திருந்தால் வெனிடோகிளாக்ஸ் 70 அல்லது 100 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டிருக்கும். கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதியைப் போசகோனசோல் அடக்கிவிடுவதால் அந்தக் குறைந்த அளவே 400க்கு ஈடாகிறது. "400 எழுத வேண்டியதை 100 எழுதியிருக்கிறார்கள்" என்று யாரும் வீட்டில் கூட்டிக் கொடுத்துவிடக் கூடாது. போசகோனசோலை நிறுத்தினால் சில நாட்களில் வெனிடோகிளாக்ஸ் அளவு மாற வேண்டும், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேரெதிர் வேலை செய்யும், மருந்தைச் சீக்கிரம் சிதைத்துப் பலனில்லாமல் ஆக்கும். பம்பளிமாஸ் வேண்டாம். நார்த்தங்காய் ஊறுகாயும் அந்தக் கசப்புக் குடும்பத்துக்கு நெருக்கம், ஒதுக்கிவைப்பது நல்லது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வெள்ளையணு குறைந்த நிலையில் அது அவசரம். ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர், காலைவரை காத்திருக்க வேண்டாம்.

மருந்து சில காலத்துக்குப் பிறகு பலிக்காமல் போவதும் உண்டு. செல் பிசிஎல்-2ஐ விட்டு எம்சிஎல்-1இன் பக்கம் சாய்ந்துகொள்ளும், அல்லது பிசிஎல்-2 பள்ளத்திலேயே மாற்றம் வந்து மருந்து ஒட்டாமல் போகும். நீண்ட நாள் மருந்தெடுத்த சிஎல்எல் என்ற நாள்பட்ட ரத்தப்புற்று நோயாளிகளில் 2019இல் கண்ட ஜி101வி மாற்றம் அப்படிப்பட்டது, மருந்தின் ஒட்டும் வலுவை ஏறத்தாழ 180 மடங்கு குறைத்துவிடுகிறது. எம்சிஎல்-1ஐயும் தடுக்கலாமே என்றால், இதயத்தசை அந்தப் புரதத்தை நம்பியிருப்பதால் அந்த மருந்துகளின் பல ஆய்வுகள் இதயப் பாதிப்பின் அறிகுறி கண்டு நின்றுபோயின.

இன்னொன்று, உங்கள் ப்ராஜெக்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டில் யாராவது மாமாவுக்கு வாய்விடங்கச் சூரணம் கொடுக்கலாமா என்று கேட்கக்கூடும். தட்டில் 40 மைக்ரோமோலாரில் தெரிந்த விளைவு, வாயால் உண்ட பொடியிலிருந்து ரத்தத்தில் வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வெனிடோகிளாக்ஸ் போன்ற மருந்தோடு கல்லீரலில் அது எப்படி மோதும் என்பதையும் யாரும் அளந்து வைக்கவில்லை. கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏதாவது நாட்டு மருந்து கொடுத்திருந்தால், எந்த நாளில் எவ்வளவு என்று எழுதி அடுத்த ஓ.பி.யில் டாக்டரிடம் காட்டுங்கள்.